இட்லித் துணியும் எட்டுக்கால் பூச்சியும்: ஏற்காட்டில் ஐந்து நாள்

முதல் நாள், இரவு

ஐப்பசி மழையில் ஏற்காட்டுக்கு யாராவது போவார்களா என்று வீட்டில் கேட்டார்கள். பூச்சி படம் எடுக்கிறவன் போவான். மழை விட்ட இடைவெளியில்தான் இலைக்கு இலை ஏதாவது உட்கார்ந்திருக்கும். அதுவுமில்லாமல், நான் தேடிப் போகிற ஆள் இந்த மாதங்களில்தான் முழு வளர்த்தியோடு வலையில் தொங்குவாள்.

அவளைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். ஜயன்ட் வுட் ஸ்பைடர் என்பார்கள். அறிவியல் பெயர் நெஃபிலா பிலிபெஸ். நம் ஊரில் எல்லாச் சிலந்திக்கும் ஒரே பெயர்தான், எட்டுக்கால் பூச்சி. பெண்ணின் உடம்பு மட்டும் மூன்றிலிருந்து ஐந்து சென்டிமீட்டர் வரும். காலை விரித்தால் உள்ளங்கை மறைந்துபோகும். கறுப்பு உடம்பில் மஞ்சள் கோடு, கால் மூட்டுகளில் மஞ்சள் பொட்டு, வெயில் பட்டால் தங்கக் கம்பி போல மின்னும் வலை. ஆண் எவ்வளவு தெரியுமா? ஐந்தாறு மில்லிமீட்டர். அவள் வலையிலேயே ஒரு மூலையில் ஒண்டுக் குடித்தனம். பெண்ணை யார் வேண்டுமானாலும் எடுத்துவிடலாம், கைபேசியே போதும். ஆணை முகம் தெரிகிற மாதிரி எடுக்க வேண்டும் என்பது எனக்கு இரண்டு வருட ஆசை.

காலை ஏழு மணிக்கு சேலத்தில் பஸ். அஸ்தம்பட்டி, கோரிமேடு தாண்டி அடிவாரம் வரை நம் வழக்கமான காற்றுதான். அங்கிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகள். முதலில் முள்ளும் புதருமாக வறண்ட காடு, அப்புறம் மூங்கில். அதற்கும் மேலே ஏதோ ஒரு வளைவில் ஜன்னல் கம்பி சில்லிட்டுப் போகும். சில்வர் ஓக் மரங்கள், அவற்றில் ஏறிய மிளகுக் கொடி, கீழே காப்பிச் செடி. 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் இங்கே கொண்டுவந்த பயிர் அது. பூச்சிக்காரனுக்கு அவர் நல்ல காரியம்தான் செய்திருக்கிறார். நிழல், ஈரம், ஆள் உயரத்தில் இலை மூன்றும் ஒரே இடத்தில் கிடைக்கின்றன.

மேலே போகப் போக பக்கத்து இருக்கைக் குழந்தைக்குக் குமட்டல். நான் எழுந்து இடம் மாறினேன். மாறும்போது மடியில் இருந்த துணிப்பையைத் தலைக்கு மேல் பலகையில் போட்டேன். இறங்கும்போது கேமரா பையை மட்டும் தூக்கிக்கொண்டு இறங்கினேன். துணிப்பை பஸ்ஸோடு போய்விட்டது. அதற்குள் இருந்தது என் டிஃப்யூசர், அதாவது ஃபிளாஷ் வெளிச்சத்தைப் பரப்பி மென்மையாக்கும் மறைப்பு. தெர்மாக்கோல் தகடு, பட்டர் பேப்பர், ஐஸ்கிரீம் டப்பா மூடி எல்லாம் வைத்து மூன்று ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து ஒட்டிய சாதனம். கடையில் விற்றால் ஒருவரும் வாங்க மாட்டார்கள். எனக்கு அது லென்ஸைவிட முக்கியம். ஏன் என்பது மதியமே தெரிந்துவிட்டது.

தங்கியது நாகலூர் போகும் வழியில், நண்பனின் அத்தை வீட்டில். வீட்டைச் சுற்றிச் சின்ன காப்பித் தோட்டம். சாப்பிட்ட கையோடு இறங்கினேன். பம்பு செட்டுக்குப் போகும் ஒற்றையடிப் பாதையில், சில்வர் ஓக்குக்கும் காப்பிச் செடிக்கும் நடுவே, என் முகத்துக்கு நேராக அவள்! வலை இரண்டு கை அகலத்துக்கு மேல் இருக்கும். அவளுக்கு அரையடி மேலே, செம்பழுப்பாக ஒரு புள்ளி நகர்ந்தது. ஆண்தான், சந்தேகமே இல்லை.

கிராப் சென்சார் (படம் விழும் தகடு கொஞ்சம் சின்னதாக உள்ள) கேமரா, சின்னதை மிகக் கிட்டத்தில் எடுக்கும் 100 மி.மீ. மேக்ரோ லென்ஸ். அதன் முன்னால் ரேனாக்ஸ் 250 என்கிற கூடுதல் கண்ணாடி. மூக்குக்கண்ணாடி மாட்டுவது போல லென்ஸ் வாயில் கவ்விக்கொள்ளும். மேக்ரோ லென்ஸ் மட்டும் என்றால் ஒன்றுக்கு ஒன்று, அதாவது ஐந்து மில்லிமீட்டர் பூச்சி சென்சாரிலும் ஐந்து மில்லிமீட்டராகவே விழும். என் சென்சாரின் அகலம் இருபத்திரண்டு மில்லிமீட்டர் சொச்சம். ஆக ஆண் சிலந்தி படத்தில் கால்வாசிக்கும் குறைவு. ரேனாக்ஸ் போட்டால் ஏறத்தாழ இரண்டு மடங்கு. அதற்குக் கூலி உண்டு, நாளைக்குச் சொல்கிறேன்.

டிஃப்யூசர் இல்லாமல் வெறும் ஃபிளாஷில் நாற்பது படம் எடுத்தேன். நாற்பதிலும் அந்தப் புள்ளியின் வயிற்றில் சோளப்பொரி வெடித்த மாதிரி வெள்ளை வெள்ளையாக எரிந்திருந்தது. காலும் நிழலும் பின்னிக்கொண்டு எது எதென்று தெரியவில்லை. ஆண் இருக்கிறது, படம் இல்லை. அத்தை போட்ட சுக்குக் காப்பியைக் குடித்துவிட்டு இதை எழுதுகிறேன்.

இரண்டாம் நாள், மாலை

அதிகாலை ஐந்தரைக்கு எழுந்தேன். வெளியே பஞ்சு மாதிரி மூடுபனி, முற்றத்துக் கொய்யா மரம் கூடத் தெரியவில்லை. அத்தை இட்லிப் பானையை அடுப்பில் ஏற்றிக்கொண்டிருந்தார். தட்டில் விரிக்க எடுத்து வைத்திருந்த வெள்ளைத் துணியை ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தேன். பார்த்துக்கொண்டே நின்றுவிட்டேன்.

"அத்தை, இந்தத் துணி ஒண்ணு கிடைக்குமா?"

"எதுக்குப்பா?"

"ஃபிளாஷுக்குக் கட்டணும்."

"இட்லி அவிக்கிற துணியப் போயியா?" என்று கேட்டாலும், பழையதாக ஒன்றைத் துவைத்துக் காயவைத்து வைத்திருந்ததைக் கொடுத்தார். மூங்கில் தப்பையை வளைத்து, துணியை இரண்டு மடிப்பாக இழுத்துக் கட்டி, ஃபிளாஷிலிருந்து லென்ஸ் வாய் வரை கூரை போல இறக்கினேன். பார்க்க சவாரி வண்டிக் கூண்டு மாதிரி இருந்தது.

இது வேலை செய்வதன் காரணம் இதுதான். வெளிச்சம் கடுமையா மென்மையா என்பதை விளக்கின் அளவு மட்டும் தீர்மானிப்பதில்லை. பூச்சியின் இடத்திலிருந்து பார்க்கும்போது அந்த விளக்கு எவ்வளவு பெரிதாகத் தெரிகிறது என்பதே கணக்கு. ஃபிளாஷின் முகம் தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிது. அதை ஓரடி தள்ளி வைத்தால் பூச்சிக்கு அது ஒரு சின்ன சூரியன். பளபளப்பான முதுகு கண்ணாடி மாதிரி அந்தச் சூரியனை அப்படியே காட்டும். நாம் படத்தில் பார்க்கும் வெள்ளைப் புள்ளி பூச்சியின் நிறமே இல்லை, விளக்கின் பிம்பம். அதே வெளிச்சத்தை ஒரு முழத் துணியில் பரப்பி, துணியைப் பூச்சிக்கு ஒரு சாண் கிட்டத்தில் கொண்டுவந்தால் அதற்கு வானம் முழுவதும் வெளுத்துவிடும். பிம்பம் பரவி மங்கும், அடியில் இருக்கும் நிறம் தெரியும். என்ன லென்ஸ் வாங்கலாம் என்று என்னிடம் கேட்கிறவர்களுக்கு நான் சொல்வது: கையில் இருக்கும் 50 மி.மீ. லென்ஸைத் தலைகீழாக மாட்ட ஒரு ரிவர்ஸ் ரிங் வாங்குங்கள், மிச்சக் காசை வெளிச்சத்தில் போடுங்கள். கேட்டுவிட்டுப் போய் லென்ஸ்தான் வாங்குவார்கள்.

மூடுபனி இருக்கும்வரை ஃபிளாஷே தேவைப்படவில்லை. அதுவே மலையளவு டிஃப்யூசர். ஒரு சின்ன வலை முழுக்கப் பனித்துளி கோத்திருந்தது. ஒவ்வொரு துளியும் ஒரு குவிலென்ஸ், பின்னால் இருப்பதைத் தலைகீழாகக் காட்டும். வலைக்கு ஒரு சாண் பின்னால் ஒரு லாண்டானா பூங்கொத்து இருந்தது என் அதிர்ஷ்டம். இருபது துளியில் இருபது பூ. இதில் எல்லோரும் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. துளியின் மேற்பரப்பில் ஃபோகஸ் வைத்தால் துளி கூர்மையாக இருக்கும், உள்ளே பூ கலங்கியிருக்கும். பூவின் பிம்பம் விழும் தளம் வேறு. மயிரிழை முன்னே பின்னே சாய்ந்து பார்த்து, துளியின் விளிம்பு லேசாகக் கலங்கினாலும் பரவாயில்லை என்று பூவுக்கு வைக்க வேண்டும்.

எட்டு மணிக்குக் காப்பி குடிக்க அடுப்படிக்குள் போனேன். கேமராவையும் தூக்கிக்கொண்டு போனது முட்டாள்தனம். குளிர்ந்த லென்ஸ் மீது இட்லிப் பானையின் ஆவி பட்டு உள்கண்ணாடி வரை வேர்த்துவிட்டது. துடைக்கக் கூடாது, துடைத்தால் கோடு விழும். பையில் போட்டு ஜிப்பை மூடி, அறைச் சூட்டுக்கு அதுவாக வரட்டும் என்று விட வேண்டும். முக்கால் மணி நேரம் போயிற்று. அதற்குள் ஆறு இட்லி உள்ளே போனது தனிக்கதை.

பிறகு பாதைச் சிலந்தியிடம் போனேன். நேற்றுச் சொன்ன கூலியை இப்போது சொல்லிவிடலாம். ஒன்றுக்கு ஒன்றில், லென்ஸில் ஒளி புகும் துளையை எஃப் 8ல் வைத்தால் (எண் கூடக் கூடத் துளை சிறுக்கும்), கூர்மையாகத் தெரியும் ஆழம் என் சென்சாரில் சுமார் அரை மில்லிமீட்டர் சொச்சம். இரண்டு மடங்கில் அது கால் மில்லிமீட்டர். துளையை எஃப் 22க்குச் சுருக்கினால் ஆழம் கூடுமே என்றால், கூடும். ஆனால் கிட்டத்தில் போகும்போது துளை நாம் வைத்ததைவிடச் சின்னதாகவே வேலை செய்யும். இரண்டு மடங்கில் எஃப் 8 என்பது கிட்டத்தட்ட எஃப் 24. அதற்கும் மேல் சுருக்கினால் ஒளி விளிம்பில் வளைந்து படம் முழுக்கக் கொழகொழத்துப்போகும். அதனால் எஃப் 8, ஷட்டர் 1/200 வினாடி, சென்சாரின் ஒளி உணர்வு ஐ.எஸ்.ஓ. 200, ஃபிளாஷ் பதினாறில் ஒரு பங்கு சக்தியில். அந்தச் சக்தியில் ஃபிளாஷ் மின்னி மறையும் நேரம் மிகக் குறைவு. கை நடுக்கத்தையும் வலையின் ஆட்டத்தையும் ஷட்டர் நிறுத்துவதில்லை, அதுதான் நிறுத்துகிறது.

ஆட்டோ ஃபோகஸை அணைத்துவிட்டு, ஃபோகஸ் வளையத்தைக் கடைசி வரை திருப்பி வைத்துவிட்டு, உடம்பையே முன்னும் பின்னும் சாய்த்துத் தேட வேண்டும். மூச்சை விட்டு முடித்த கணத்தில் அழுத்த வேண்டும். இலையில் இருக்கும் பூச்சியென்றால் இடது கையால் காம்பைப் பிடித்து, அந்தக் கைமேலேயே லென்ஸைச் சாய்த்துக்கொள்வேன். இலை ஆடினால் கேமராவும் சேர்ந்து ஆடும், ஃபோகஸ் போகாது. வலையில் அந்த வித்தை நடக்காது. தொட்டால் அவளுக்குத் தெரிந்துவிடும். இவளுக்குக் கண் சரியாகத் தெரியாது, உலகமே நூல் அதிர்வுதான். என் நிழல் விழுந்தால் சும்மா இருக்கிறாள். என் மூச்சு பட்டதும் வலையையே ஊஞ்சலாட்டுகிறாள்.

காற்று நின்ற ஒரு நிமிடத்தில் பதினொரு படம். திரையில் பெரிதாக்கிப் பார்த்தேன். இட்லித் துணி வெளிச்சத்தில், நேற்று வெள்ளையாக வெடித்த இடமெல்லாம் வெள்ளி வெள்ளியாகத் தனித்தனிப் புள்ளிகள். ஆரஞ்சு வயிற்றில் பாதரசத் துளி தெளித்த மாதிரி. அழகு! ஆனால் நெஃபிலா ஆணுக்கு வெள்ளிப் புள்ளி கிடையாது.

நேற்று "சந்தேகமே இல்லை" என்று எழுதியிருந்தேன். அழிக்காமல் அப்படியே விடுகிறேன். அது ஆண் இல்லை, ஆர்கைரோடெஸ் என்னும் திருட்டுச் சிலந்தி. தானாக வலை கட்டி வேட்டையாட மாட்டான். நெஃபிலா வலையில் குடியேறி, அவள் கண்டுகொள்ளாமல் விடும் குட்டிப் பூச்சிகளை நைசாகக் கழற்றித் தின்பான். மூன்று மில்லிமீட்டர் இருப்பான். வலையில் தேடினேன், நான்கு பேர் இருந்தார்கள். புருஷனைத் தேடிப் போனால் வீடு முழுக்கத் திருடன்.

மாலையில் ஒரு புதர்த் தண்டில் முள் மாதிரி கொம்பு வைத்த, ட்ரீஹாப்பர் என்னும் சாறு உறிஞ்சும் பூச்சிகளின் கூட்டம், அதைச் சுற்றி எறும்புகள். எறும்பு உணர்கொம்பால் தட்டும், ட்ரீஹாப்பர் பின்பக்கம் ஒரு இனிப்புத் துளி சுரக்கும், எறும்பு வாங்கிக்கொள்ளும். பால்காரர் மாடு கறக்கிற மாதிரியே. அந்தத் துளி வெளிவரும் கணத்தைப் பிடிக்க முட்டி போட்டு ஒரு மணி நேரம். கிடைக்கவில்லை. முட்டிதான் போயிற்று.

மூன்றாம் நாள்

விடிய விடிய மழை, விடிந்தும் மழை. ஆர்க்கிட் பூங்காவுக்குப் போகலாம் என்றிருந்தேன். இந்தியத் தாவரவியல் ஆய்வகம் 1963ல் தொடங்கிய இடம், பூச்சி தின்னும் குடுவைச் செடியும் அங்கே உண்டு. குடையோடு வாசல் வரை போய்த் திரும்பினேன்.

சும்மா இருக்க முடியாமல் கூரைச் சரிவின் கீழ் பார்த்தேன். மழை படாத காய்ந்த புழுதியில் சின்னச் சின்னப் புனல் குழிகள். குழியானை! சின்ன வயதில் அம்மாப்பேட்டை சந்தில் இதைப் பிடித்து உள்ளங்கையில் விட்டு, பின்பக்கமாகவே நடப்பதைப் பார்த்துச் சிரிப்போம். அப்போது அதற்கு முகம் உண்டு என்றே தெரியாது. இன்று குப்புறப் படுத்து, லென்ஸைத் தரையோடு வைத்துக் காத்திருந்தேன். ஒரு எறும்பு தானாகவே சரிந்து விழுந்தது (நான் தள்ளவில்லை, சத்தியமாக). அடியிலிருந்து புழுதி வாரி அடித்தது, எறும்பு சறுக்கியது, இரண்டு அரிவாள் தாடைகள் கவ்வின. தாடையின் உள்பக்கம் பல் வைத்திருக்கிறது. இதுவே வளர்ந்து, தட்டானைப் போல மென்மையான சிறகு முளைத்துப் பறந்துவிடும் என்றால் அத்தை நம்பவில்லை.

எறும்பைப் பிடித்துப் போட்டிருந்தால் ஐந்து நிமிடத்தில் முடிந்திருக்கும் வேலை இரண்டரை மணி நேரம் ஆனது. நான் போட மாட்டேன். பூச்சியை ஃபிரிட்ஜில் வைத்து மயக்கி எடுக்கிறவர்கள் இருக்கிறார்கள், இலையில் பசை போட்டு ஒட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். அந்தப் படங்களைப் பழகிய கண் கண்டுபிடித்துவிடும். கால்கள் இலையைப் பிடித்திருக்காது, சும்மா கிடக்கும்.

இரவு வராந்தாவில் பழைய வெள்ளை வேட்டியைக் கட்டி விளக்கு போட்டேன். ஹாக் மாத் என்னும் பெரிய அந்து ஒன்று, எக்கச்சக்கமாகச் சின்ன அந்துகள், ஒரு கும்பிடுபூச்சி. கும்பிடுபூச்சி விருந்துக்கு வந்தது, படத்துக்கு அல்ல. பத்து மணிக்கு விளக்கை அணைத்தேன். விடிய விடிய எரியவிட்டால் அந்துகள் அங்கேயே சுற்றிச் சோர்ந்து, காலையில் குருவிக்குச் சாப்பாடாகிவிடும்.

நான்காம் நாள்

மழை விட்டது. பாதைக்கு ஓடினேன். வலை இல்லை. சில்வர் ஓக் பட்டையில் ஒரு மஞ்சள் இழை மட்டும் காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. காப்பிச் செடி இரண்டு முறிந்து, ஈர மண்ணில் பெரிய குளம்படி.

"ராத்திரி காட்டெருமை எறங்கிருச்சு சார். மூணு உருப்படி. டார்ச் அடிச்சன், திரும்பிக்கூடப் பாக்கல," என்றார் காவல்கார அண்ணன். தனியாக விடியற்காலையில் பாதையில் போகாதீர்கள் என்றும் சொன்னார். இரண்டாம் நாள் மூடுபனிக்குள் கண்ணைக் கேமராவில் வைத்துக்கொண்டு நான் நின்ற இடம் நினைவுக்கு வந்து முதுகு சில்லிட்டது. காட்டெருமை ஒரு டன் வரை வளரும். மேக்ரோக்காரனுக்கு ஒரு சாணுக்கு வெளியே உலகம் கிடையாது. இனி வெளிச்சம் வந்து ஆள் நடமாட்டம் தொடங்கிய பிறகுதான் இறங்குவது என்று முடிவு.

சிலந்தி கிடைக்காத ஆத்திரத்தில், வீட்டுப் பின்னால் பலா மரத்தில் ஒட்டியிருந்த ஓபரோனியா ஆர்க்கிட்டிடம் போனேன். எலிவால் மாதிரி தொங்கும் தண்டைச் சுற்றி நூற்றுக்கணக்கில் பூ. ஒவ்வொன்றும் கடுகளவு. வெறும் கண்ணுக்கு மஞ்சள் சொரசொரப்புதான். முக்காலி போட்டு, ஃபோகஸை இம்மி இம்மியாக நகர்த்தி முப்பத்தாறு படம் எடுத்துக் கணினியில் அடுக்கினேன். ஒவ்வொன்றிலும் கூர்மையாக இருக்கும் பட்டையை மட்டும் மென்பொருள் சேர்த்துக்கொள்ளும். இதைக் காற்றடிக்கும் நேரத்தில் முயற்சி செய்தால் பூவுக்கு இரண்டு உதடு வரும். மூன்று முறை வந்தது. நான்காம் முறை ஒழுங்காக உதடும் இதழும் உள்ள ஒரு முழு ஆர்க்கிட் திரையில் நின்றது. அத்தையைக் கூப்பிட்டுக் காட்டினேன். "இது நம்ம பலாமரத்துலயா?" என்று எழுந்து போய் மரத்தைப் பார்த்துவிட்டு வந்தார்.

நாளை மதியம் கிளம்ப வேண்டும். ஆண் சிலந்தி பாக்கி.

ஐந்தாம் நாள், பஸ்ஸில்

காலை ஏழரைக்குத் தோட்டத்தில் களையெடுக்க வந்த ஆயா ஒருவர், நான் இட்லித் துணிக் கூண்டோடு அலைவதைப் பார்த்து நின்றார்.

"என்னா கண்ணு தேடற?"

"எட்டுக்கால் பூச்சி ஆயா. பெருசா, மஞ்சக் கோடு போட்டது."

"அதப் போயி படம் புடிக்கறயா? பம்பு செட்டுக்கு மேல ரெண்டு தொங்குதே. நாங்க குனிஞ்சுதான் போவோம்."

நான்கு நாளாக நான் பாதையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இவர் தினமும் அதன் கீழே குனிந்து போய் வந்துகொண்டிருக்கிறார். கூட்டிக்கொண்டு போய் மண்வெட்டிக் காம்பை நீட்டிக் காட்டினார். பம்பு செட்டு ஓட்டுக்கும் ஆரஞ்சு மரத்துக்கும் நடுவில் வலை. மழைக்குப் பிறகு ஒரு பக்கம் மட்டும் புதிதாகப் பின்னியிருந்தாள். இவள் முழு வலையையும் தினம் பிரித்துக் கட்டுகிற ஜாதி இல்லை, கிழிந்த பக்கத்தை ஒட்டுப்போடுவாள். கையில் ஒரு தேனீ, சாப்பாட்டு மும்முரம்.

"முதுகு மேல பாரு, குட்டிய வச்சிருக்குது," என்றார் ஆயா.

பார்த்தேன். செம்பழுப்பு. வெள்ளிப் புள்ளி இல்லை. முன்னால் இரண்டு குட்டிக் கைகள், நுனியில் குத்துச்சண்டைக்காரன் கையுறை மாதிரி உருண்டை. வயதுக்கு வந்த ஆண் சிலந்தியின் அடையாளமே அந்த உருண்டைதான். விந்தணுவை அதில்தான் எடுத்துச் செல்வான்.

"குட்டி இல்ல ஆயா. அது புருஷன்."

ஆயா என்னைப் பார்த்தார், சிலந்தியைப் பார்த்தார். "இத்தனூண்டா?" என்று மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்த சிரிப்பில் இரண்டு வரிசை தள்ளியிருந்தவர்கள் எல்லாம் என்ன என்ன என்று வந்துவிட்டார்கள்.

கூட்டம் கலைந்ததும் வேலையைத் தொடங்கினேன். வலை என் தலைக்கு மேலே இருந்ததால் பம்பு செட்டுத் திண்டில் ஏறி நின்றேன். காவல்கார அண்ணனின் மூங்கில் கம்பை ஊன்றி, அதோடு சேர்த்துக் கேமராவைப் பிடித்துக்கொண்டேன். கம்பு மேல்கீழ் ஆட்டத்தை நிறுத்தும், முன்பின் அசைவை எனக்கு விட்டுவிடும். கால் மில்லிமீட்டர்தான் ஆழம் என்பதால் எதைக் கூர்மையாக வைப்பது என்பதை முன்கூட்டியே முடிவு செய்ய வேண்டும். கண்ணும் கையுறையும் ஒரே தளத்தில் வரும்படி நான் கொஞ்சம் இடப்பக்கம் சாய வேண்டியிருந்தது. கால்கள் போனால் போகட்டும்.

அவன் சும்மா உட்கார்ந்திருக்கவில்லை. அவள் முதுகில் குறுக்கும் நெடுக்குமாக நடந்தான். நடக்கும்போதே பின்னால் மெல்லிய இழை விழுந்தது, ஃபிளாஷில்தான் அது தெரிந்தது. நெஃபிலா பிலிபெஸ் ஆண் இப்படிப் பெண்ணின் முதுகில் நூலைப் பூசி அவள் கோபத்தைத் தணிப்பதாக ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். படித்திருந்தேனே தவிர, பார்ப்பேன் என்று நினைக்கவில்லை. அவள் தேனீயைத் தின்றுகொண்டே இருந்தாள். தனக்கு மேலே நடப்பது எதுவும் தன்னைச் சேர்ந்தது இல்லை என்பது போல.

இருநூற்றுப் பதினான்கு படம். பாதியில் ஃபோகஸ் அவள் முதுகு மயிரில். மீதியில் பாதி, அவன் திரும்பிய பிறகு எடுத்தது. சிலவற்றில் இட்லித் துணியின் நெசவே அவள் கறுப்பு முதுகில் பிம்பமாக விழுந்திருக்கிறது, கட்டம் கட்டமாக. மூன்று மடிப்பாகப் போட்டிருக்க வேண்டும். கடைசியில் இரண்டு படம் தேறியிருக்கிறது. ஒன்றில் கையுறை இரண்டும் கூர்மை, கண் லேசாகக் கலங்கல். இன்னொன்றில் எட்டில் நான்கு கண் தெளிவு, நூல் இழை கூடத் தெரிகிறது. ஆனால் ஒரு கால் சட்டத்துக்கு வெளியே.

ஆயாவிடம் திரையில் காட்டினேன். கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். "மூஞ்சியப் பாத்தா பாவமாத்தான் இருக்குது," என்றார்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கிளம்பிவிட்டேன். இறங்கும் வளைவுகளில் எழுதுவது கஷ்டம், ஒவ்வொரு திருப்பத்திலும் வரி நழுவுகிறது. கோரிமேட்டில் ஜன்னலைத் திறந்ததும் சேலத்து வெக்கை முகத்தில் அடித்தது. டிக்கெட் எடுக்கும்போது கண்டக்டரிடம் முதல் நாள் துணிப்பையைப் பற்றிக் கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை. "அந்தக் கூண்டு என்னங்க?" என்று என் மடியைக் காட்டினார். அப்போதுதான் கவனித்தேன். ஃபிளாஷில் கட்டியது கட்டியபடியே இட்லித் துணி என்னோடு வந்துவிட்டது. நாளைக் காலை இட்லிக்கு அத்தை தேடுவார். வீட்டுக்குப் போனதும் முதலில் அவருக்கு ஃபோன் போட வேண்டும்.